கந்தோரில் மனஅழுத்தம்: செயலமர்வு வைத்தால் தீருமா?

14.07.2025, இரவு 8.15 (கேள்வி)

பல்கலைக்கழகம் ஒன்றில் நாலு வருடமாக முகாமைத்துவ உதவியாளர் வேலை. அடுத்த மாதம் ஊழியர்களுக்கு "மனஅழுத்த முகாமைத்துவம்" என்று ஒரு நாள் செயலமர்வாம். கிளைக்கு இரண்டு பேர் போகவேண்டும் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். போனால் "இவளுக்கு ஏதோ பிரச்சினை" என்பார்கள். போகாவிட்டால் "ஒத்துழைப்பு இல்லை" என்பார்கள். இதுகளால் உண்மையில் பிரயோசனம் இருக்கிறதா? ஆட்களுக்குத் தெரியாமல் போய்க் கதைக்க வேறு இடம் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.
(சுன்னாகத்துப் பிள்ளை)

14.07.2025, இரவு 10.40

போங்கோ தங்கச்சி. ஒரு நாளைக்காவது மேசைப் போன் காதடியில் அடிக்காது. மத்தியானச் சாப்பாடும் தருவார்கள். அதற்கு மேல் எதிர்பார்த்துப் போகவேண்டாம்.

31 வருடம் பல்கலைக்கழக நிர்வாகப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஒரே இடத்தில் அல்ல, இடமாற்றம் எடுத்து வேறு மாவட்டத்திலும் இருந்திருக்கிறேன். எது எங்கே நடந்தது என்று ஒருவரும் கேட்கவேண்டாம், சொல்லமாட்டேன். இந்த மாதிரிச் செயலமர்வு மூன்று பார்த்தாயிற்று. முதலாவதில் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடச் சொன்னார்கள், பக்கத்தில் இருந்த அண்ணை குறட்டை விட்டார். அன்று பலன் கண்டவர் அவர் ஒருவர்தான். இரண்டாவதில் பலூனில் கவலையை எழுதி உடைக்கச் சொன்னார்கள். மூன்றாவதுக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார், திரையில் எல்லாம் ஆங்கிலம். மொழிபெயர்க்க வந்த பிள்ளைதான் அந்த மண்டபத்திலேயே கூடப் பதறிக்கொண்டு நின்றது. மூன்றிலும் ரோல்ஸ் நல்லாயிருந்தது.

எனக்கு இந்த உதவிகள் ஒரு நாளும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுக்கவேண்டும்.

15.07.2025, காலை 6.20

இரவு பகிடியாக எழுதிப்போட்டுப் படுத்துவிட்டேன். விடிய எழும்பி வாசித்தால் பிள்ளை கேட்ட கேள்விக்கு மறுமொழி அதில் இல்லை.

நான் கூடக் காலம் இருந்தது பரீட்சை வேலையில். அங்கே அழுத்தம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற உயர்தரப் பரீட்சை தள்ளித் தள்ளிப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியில் நடந்தது, 2022க்குரியது 2023 ஜனவரியில். உள்ளே இருந்த மாணவர் அணிகள் முடித்து வெளியே போகவில்லை, புது அணிகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரே கிளை, அதே ஆட்கள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பரீட்சை. 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் புது ஆள் எடுப்பதையும் இறுக்கிவிட்டது. ஒருவர் ஓய்வு பெற்றால் கதிரை அப்படியே இருக்கும், ஃபைல் மட்டும் பக்கத்து மேசைக்கு நடந்து வந்துவிடும். முடிவு எப்போது வரும் என்று மாணவர் கேட்பார்கள், தாய் தகப்பன் கேட்பார்கள், வெளிநாட்டிலிருந்து மாமா கேட்பார். விடைத்தாள் இன்னும் விரிவுரையாளரிடமிருந்து வரவில்லை என்று சொல்லவும் கூடாது, சொல்லாமலும் இருக்க ஏலாது.

விரிவுரையாளர்கள் பக்கமும் இலேசில்லை. துறையில் ஐந்து பேர் இருந்த இடத்தில் மூன்று பேர், மற்றவர்கள் வெளிநாட்டில். 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சம்பளம் எடுத்தவர்களுக்கு வரி வந்தது, உச்சப் படி 36 வீதம். சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சேர் வராந்தாவில் நின்ற நிலை எனக்கு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. மனிசன் ஒன்றும் பேசவில்லை, துண்டை நாலாக மடித்துப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

செயலமர்வில் மூச்சை எப்படி விடுவது என்று சொல்லித்தருகிறார்கள். அந்த வெறுங்கதிரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. என் கோபம் அவ்வளவுதான்.

15.07.2025, மாலை 5.05

ஆதாரம் இருக்கிறதா, வெறும் வயிற்றெரிச்சலா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டும் இருக்கிறது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து வில்லியம் ஃபிளெமிங் 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரித்தானியாவில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்கள் நிரப்பிய படிவங்களை வைத்து எழுதியது. தியானம், மீள்திறன் பயிற்சி, அழுத்த முகாமைத்துவ வகுப்பு, நித்திரைக்கான செயலி என்று தனி ஆளைத் திருத்தப் பார்க்கும் திட்டங்களில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டார். சேர்ந்தவர்கள் ஒன்றிலும் மேலாக இல்லை. கொஞ்சம் நல்ல பக்கம் காட்டியது ஒன்றே ஒன்று: தொண்டு வேலைக்குப் போனவர்கள். அதாவது எங்கள் சிரமதானம். அதற்கு ஒரு மண்வெட்டியும் பிளேன் ரீயும் காணும்.

16.07.2025, காலை 7.00

புள்ளிவிபரம் படிப்பிக்கிற ஒருவர் மெத்தப் பணிவாக என்னைத் திருத்தியிருக்கிறார். அந்தத் தரவு ஒரே நேரத்தில் எடுத்த தரவு, வகுப்புக்கு முன்னும் பின்னும் அளந்தது அல்ல. ஏற்கெனவே மனம் உடைந்திருந்தவர்கள்தான் வகுப்பைத் தேடிப் போயிருக்கலாம், அப்படியானால் வகுப்பு உதவியிருந்தாலும் கணக்கில் தெரியாது என்கிறார்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். கட்டுரை எழுதியவரே அந்தக் குறையைக் கணக்கில் எடுத்துத்தான் எழுதியிருக்கிறார். நேற்று எழுதும்போது அந்தப் பகுதியை நான் வசதியாகத் தாண்டிப் போய்விட்டேன்.

16.07.2025, இரவு 9.50

"நாங்கள் ஷெல்லுக்குள்ளேயும் கரண்ட் இல்லாமலும் வேலை செய்தோம், எங்களுக்கு ஸ்ட்ரெஸ் வரவில்லை, இப்பத்தைப் பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் வருகுது." மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டும்.

அண்ணை, அந்தக் காலத்தில் நானும் இருந்தேன். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி போட்ட விளக்கில் நானும் எழுதியிருக்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் எங்கள் வீட்டில் றேடியோ செய்தி கேட்டது. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை எத்தனை மணித்தியாலத்தில் கடந்தோம் என்று எனக்கு இன்னும் தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன், முன்னுக்கு நின்றவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்பது மட்டும் பொய். வந்தது, வேறு பெயரில் வந்தது. எங்கள் ஐயாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஊர்கிறது என்பார். சின்னம்மாவுக்குப் பத்து வருடம் தீராத தலையிடி. பக்கத்து வீட்டு அண்ணைக்குப் பின்னேரம் ஆனால் போத்தல். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலிருந்தே இதை எழுதிவந்திருக்கிறார். எங்கள் சனம் மனக்கஷ்டத்தை உடம்பு நோவாகத்தான் வைத்தியரிடம் கொண்டுபோகும்.

பிறகு இன்னொன்று. அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே மழையில் நனைந்தோம். இந்தப் பிள்ளை தன் மேசையில் தனியே இருந்து நனைகிறது. இரண்டையும் ஒரே தராசில் போடாதேங்கோ.

17.07.2025, மத்தியானம் 12.30

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த "மனஅழுத்தம்" என்ற சொல் எங்கள் வாயில் எப்போது வந்தது? வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "அவளுக்கு ஒரே யோசனை" என்றுதான் சொல்வோம். "யோசியாதேங்கோ" என்றால் யாழ்ப்பாணத்தில் கவலைப்படாதேங்கோ என்று அர்த்தம். யோசிப்பதையே சம்பளத்துக்குச் செய்கிற பல்கலைக்கழகத்தில் போய் அதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பாருங்கோ.

சொல் குழம்புவதில் உண்மையான சிக்கலும் உண்டு. பத்திரிகையில் ஸ்ட்ரெஸுக்கும் மனஅழுத்தம், டிப்ரெஷனுக்கும் மனஅழுத்தம். வைத்தியர்கள் எழுதும்போது இரண்டாவதை மனச்சோர்வு என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. வேலை குறைந்தால் முதலாவது குறையும். இரண்டாவது, வேலை குறைந்து லீவில் வீட்டில் படுத்திருந்தாலும் விடாது. பதகளிப்பு என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, நல்ல யாழ்ப்பாணச் சொல். காரணம் தெரியாமல் நெஞ்சு படபடவென்று அடித்து, கை வியர்த்து, இப்ப ஏதோ நடக்கப் போகுது என்கிற மாதிரி. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு... சரி, அது கிடக்கட்டும்.

19.07.2025, இரவு 8.00

"அழுத்தம் எல்லாம் மேலே இருப்பவர்களுக்குத்தான், பொறுப்பு அவர்களுக்கல்லோ" என்ற கதைக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. லண்டன் அரச ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு. ஏறக்குறைய 18,000 ஆண்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லாரும் கந்தோர் ஆட்கள், எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் ஒரே இலவச வைத்தியம். அப்படியிருந்தும் மாரடைப்பால் செத்தது உச்சப் படியில் இருந்தவர்களைவிட அடிப்படியில் இருந்தவர்கள் மூன்று மடங்கு. புகைத்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. பிறகு பெண்களையும் சேர்த்து 1985இல் இரண்டாவது ஆய்வு தொடங்கினார்கள். மைக்கல் மார்மட்டும் மற்றவர்களும் அதில் கண்ட முக்கியமான விசயம், தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. எதை முதலில் செய்வது, எப்போது எழும்புவது, எதற்கு மாட்டேன் என்று சொல்லலாம். அந்தப் பிடி குறையக் குறைய இருதயம் கெட்டது.

இதை ஒருமுறை எங்கள் பியோன் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "இதுக்கு லண்டனுக்கே போனவங்கள்? என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

பேர்ன்அவுட் என்கிறார்களே, வேலை அலுத்து வெறுத்துப் போவது, அதை 2019இல் உலக சுகாதார நிறுவனமே ஒரு நோயாக ஏற்றுவிட்டது. ஆகவே இதை நாடகம் என்று சொல்லுகிறவர்கள் கொஞ்சம் அடங்கலாம்.

20.07.2025, காலை 6.45

அடங்கவேண்டியது நான்தான். மருத்துவபீடத்து ஒரு தங்கச்சி தனியே எழுதித் திருத்தினாள். உலக சுகாதார நிறுவனம் பேர்ன்அவுட்டைத் தன் பதினோராவது நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மை, ஆனால் நோயாக அல்ல, "வேலை சார்ந்த ஒரு நிலை" என்று. நாள்பட்ட வேலைத்தல அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வருவது என்று எழுதியிருக்கிறார்களாம். மூன்று குறி: சக்தி வற்றிப் போவது, வேலையிலிருந்து மனம் விலகி எல்லாவற்றையும் இளக்காரமாகப் பார்ப்பது, என்னால் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம்.

யோசித்துப் பார்த்தால் இது எனக்குச் சாதகமான திருத்தம். நோய் என்றால் ஆளுக்கு மருந்து கொடுத்தால் முடிந்தது. வேலை சார்ந்தது என்றால் வேலைக்கல்லவா மருந்து கொடுக்கவேண்டும்.

22.07.2025, இரவு 10.15

நல்ல உதவி என்று ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா, எல்லாம் குறைதானா என்று சுன்னாகத்துப் பிள்ளை கேட்டிருக்கிறார். பார்த்திருக்கிறேன். ஒரு அண்ணையின் கதை. அடையாளம் தெரியாமல் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

புள்ளித்தாள் பதிவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. ஒரு வருடம் திடீரென்று பிழை வரத் தொடங்கியது. 57ஐ 75 என்று பதிவார், ஒருவரின் புள்ளி கீழே இருப்பவருக்குப் போய்விடும். நாங்கள் மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டோம். அவர் போனபிறகு அரை மணித்தியாலம் நின்று அவர் பதிந்ததை எல்லாம் சரிபார்ப்போம், திருத்துவோம், காலையில் ஒன்றும் தெரியாத மாதிரி இருப்போம். எட்டு மாதம். ஒரு பிள்ளையின் பெறுபேறும் பிழையாக வெளியே போகவில்லை. அவருக்கும் தெரியாது, மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது.

பிறகு ஒரு புதுப் பொறுப்பாளர் வந்தார். இரண்டு கிழமையில் பிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. அண்ணையைக் கூப்பிட்டு, பின்னுக்கு இருக்கிற பதிவறையில் பழைய ஆவணங்களைப் பிரித்து அடுக்க ஒரு ஆள் வேணும், ஆறு மாதத்துக்கு நீங்கள் செய்யலாமோ என்று கேட்டார். போன் இல்லை, கவுண்டர் இல்லை, கெடு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தானே போய் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். அண்ணை நாலாவது மாதமே பழையபடி பகிடி விடத் தொடங்கிவிட்டார்.

எங்கும் உளவளத்துணை என்ற சொல் வரவில்லை, செலவு பூச்சியம். இதைப் படித்த ஆட்கள் எழுதிவைத்திருப்பதாகப் பிறகு அறிந்தேன். பிரித்தானியாவில் வேலைத்தலப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனம் 2004இல் வெளியிட்ட நியமங்கள் ஆறு விசயத்தைப் பார்க்கச் சொல்கின்றன: வேலைப் பளு, தன் வேலைமேல் தனக்குள்ள பிடி, கிடைக்கும் ஆதரவு, ஆட்களுக்குள் உறவு, யாருக்கு எது பொறுப்பு என்ற தெளிவு, மாற்றம் வரும்போது சொல்லிச் செய்வது. ஆறும் முகாமைக்கு உரிய வேலை, ஒன்றாவது ஊழியரின் மூச்சில் இல்லை. எங்கள் பொறுப்பாளர் அதை வாசித்திருக்கமாட்டார். அவருடைய தாயார் அப்படி வளர்த்திருப்பார்.

23.07.2025, காலை 5.40

இரவு நித்திரை வரவில்லை. அந்த எட்டு மாதத்தைப் பெருமையாக எழுதிவிட்டேன் போல.

நாங்கள் மூடி மறைத்தபடியால்தான் எட்டு மாதம் போனது. முதல் மாதமே யாராவது ஒருவர் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு "அண்ணை, என்ன நடக்குது?" என்று கேட்டிருந்தால்? மூன்று பேருக்கும் வாய் வரவில்லை. அவரைக் காப்பாற்றினோம் என்று நினைத்தோம், அவருக்கு வெட்கம் வராமல் பார்த்தோம் என்று நினைத்தோம். கேட்டுவிட்டு அவர் அழுதால் என்ன செய்வது என்ற பயம் எங்களுக்கு. அதுதான் உண்மை.

அப்படியே கேட்கப் பழக்குகிற பயிற்சி ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் நான் எதிரில்லை. 2000ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் ஒரு தம்பதி தொடங்கியது, மனநல முதலுதவி என்று பெயர். காயத்துக்கு முதலுதவி பழகுவது போலத்தான்: கிட்டப் போவது, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது, தெரிந்த உதவிக்குக் கைகாட்டிவிடுவது. உங்கள் செயலமர்வில் பலூனுக்குப் பதில் இதைச் செய்தால் முழு நாளும் இருங்கோ.

26.07.2025, காலை 10.10

இனிப் பிள்ளையின் கடைசிக் கேள்வி, ஆட்களுக்குத் தெரியாமல் எங்கே போவது.

நான் இருந்த ஒரு இடத்தில் ஊழியருக்கென்று ஆலோசனை அறை ஒன்று திறந்தார்கள். நாடா வெட்டி, பெயர்ப்பலகை மாட்டி, உள்ளே இரண்டு நல்ல கதிரையும் ஒரு மேசையும். அறை இருந்த இடம் சிறாப்பருக்கு நேரெதிர். காசு கட்ட நிற்கிற வரிசை முழுக்க அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு வருடத்தில் உள்ளே போனவர் ஒருவர்தான், அவரும் மின்விசிறி திருத்த.

யாழ்ப்பாணத்தில் இது அற்ப விசயம் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவருக்கு எப்படியும் சொந்தம், இல்லையென்றால் ஒரே பள்ளிக்கூடம், அதுவும் இல்லையென்றால் ஒரே கோயில். உள்ளே இருக்கும் உளவளத்துணையாளர் வாய் திறக்காதவராகவே இருக்கலாம், கதவு திறந்தால் போதும். வீட்டில் கலியாண வயதில் பிள்ளை இருந்தால் தாய் அந்தக் கதவுப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். பேச்சுக்கால் வரும்போது விசாரிப்பார்கள் என்று பயம்.

ஆகவே உங்கள் நிறுவனத்துக்குள் தேடாமல் வெளியே தேடுங்கோ. போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் போர்க்காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் இயங்கிவருகிறது. நேரே போக மனம் இல்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி, 1990, தமிழிலும் கதைக்கலாம்.

26.07.2025, காலை 11.30

ஐயோ, 1990 இல்லை, 1926! 1990 சுவசெரிய அம்புலன்ஸ். மேலே எழுதியதைத் திருத்த முடியவில்லை, அதனால் இங்கே பெரிதாகச் சொல்கிறேன்: மனம் விட்டுக் கதைக்க 1926. "அக்கா, மனஅழுத்தம் என்று அடித்தால் வாசலில் வண்டி வந்து நிற்கும், பிறகு ஊரே வந்து பார்க்கும்" என்று ஒரு குறும்பன் எழுதியிருக்கிறான். சிரித்துப்போட்டேன். ஆனால் ஒருவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் அந்த 1990உம் சரியான இலக்கம்தான்.

06.08.2025, இரவு 9.20

நல்லூர்த் திருவிழாக் காலம், இரண்டு கிழமையாக இந்தப் பக்கம் வரவில்லை. வீட்டில் கனடாச் சனம்.

கோயில் வீதியில் பழைய கந்தோர்ச் சிநேகிதிகள் நாலு பேரைக் கண்டேன். கச்சான் வாங்கிக்கொண்டு மணலில் இருந்தோம். 2024 வேலைநிறுத்தத்தைப் பற்றித்தான் கதை. மே மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நாடு முழுக்கக் கல்விசாரா ஊழியர் வேலைக்குப் போகவில்லை. சம்பளப் பயம், வீட்டில் அடகு, எல்லாம் இருந்தது. அப்படியிருந்தும் ஒருத்தி சொன்னாள், "அந்தக் கொட்டகைக்குள்ளை இருந்த மாதிரி நான் என்ரை சேவையிலை ஒரு நாளும் ஆறுதலா இருக்கேல்லை." மற்றவர்களும் தலையாட்டினார்கள். பத்து வருடம் பக்கத்துக் கிளையில் இருந்தவரின் மகளுக்கு வருத்தம் என்று கொட்டகையில் இருக்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேலை நாளில் அதைக் கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை வேலைநிறுத்தம் வைக்கச் சொல்லவும் முடியாது.

09.08.2025, இரவு 11.55

சுன்னாகத்துப் பிள்ளை நேற்று ஒரு வரி எழுதியிருந்தார்: "அக்கா, உங்களுக்கு இது ஒரு நாளும் தேவைப்படவில்லை என்று எழுதியதை வாசித்த பிறகு, எனக்கு மட்டும்தான் பலவீனம் போல என்று நினைத்தேன்."

அந்த வரி பொய், பிள்ளை. முதல் நாள் எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, பிறகு பெற்றோல் வரிசை, கியூஆர் கோட். கரண்ட் வந்ததும் பதிவு வேலை, அது இரவு பத்தென்றாலும். அந்த நேரம் எனக்கு மேசைப் போன் அடித்தால் நெஞ்சு திடுக்கிடத் தொடங்கியது. பிறகு வீட்டில் பக்கத்து வீட்டுப் போன் அடித்தாலும். பிறகு போன் அடிக்காவிட்டாலும், விடிய மூன்று மணிக்கு. மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அந்த டொக்டர், இளம் பிள்ளை, கடதாசியைப் பார்த்தபடியே "வேலையிடம் எப்படி, அம்மா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. முன்னுக்கு நின்ற தாதிப் பிள்ளை திரைச்சீலையை இழுத்துவிட்டது. அந்தத் திரைச்சீலைக்கு நான் இன்னும் நன்றிக்கடன்.

என் ஊர் ஆட்கள் வராத கிளினிக் ஒன்றுக்கு, விடிய ஐந்தரை பஸ்ஸில், தலைக்கு மேலால் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு போனேன். பதகளிப்பு என்று எழுதினார்கள். சில மாதம் மருந்து, ஆறு தடவை இருந்து கதைத்தது. மூச்சுப் பயிற்சியும் சொல்லித்தந்தார்கள். ஓம், அதே மூச்சுப் பயிற்சிதான். வேலை செய்தது. தனி அறையில், என் மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தபோது வேலை செய்தது. ஆகவே 14ஆம் திகதி நான் அடித்த பகிடியில் அரைவாசியைத் திரும்ப எடுக்கிறேன். மற்ற அரைவாசி நிற்கட்டும்.

கந்தோருக்குக் கொடுத்த மருத்துவச் சான்றிதழில் வைரஸ் காய்ச்சல் என்று இருந்தது. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். திரும்பிப் போன நாள் எல்லாரும் காய்ச்சலைப் பற்றி விசாரித்தார்கள், பப்பாளி இலைச் சாறு குடித்தீங்களோ என்றார்கள். குடித்தேன் என்றேன். நான் லீவில் நின்ற நாட்களில் என் வேலையை இழுத்தவர்களுக்கு இன்றைக்கு வரை உண்மை தெரியாது. அந்த அண்ணைக்கு நாங்கள் செய்ததையே எனக்கு நானே செய்துகொண்டேன்.

10.08.2025, காலை 8.30

எல்லாருக்கும் நன்றி, ஆனால் "பாவம் அக்கா" என்று எழுதவேண்டாம். இப்ப நல்லாத்தான் இருக்கிறேன். போன் சத்தத்தை மட்டும் நிரந்தரமாக அணைத்துவிட்டேன், அதனால்தான் பதில் பிந்துகிறது.

கடுமையாக எழுதிய ஷெல் அண்ணை தனியே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். என்னவென்று சொல்லமாட்டேன். அவர் மனிசன்.

27.08.2025, இரவு 9.10

செயலமர்வு முடிந்து பிள்ளை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலூன் இல்லையாம், இந்தமுறை நூல் பந்து. ஆளுக்காள் எறிந்து வலை பின்னினார்களாம். ரோல்ஸ் இல்லை, மலிபன் பிஸ்கற். நாடு எங்கே போகுது.

ஆனால் கடைசியில் "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டபோது பிள்ளை எழும்பியிருக்கிறார். எங்கள் கிளையில் நாள் முழுக்கப் போனுக்குப் பதில் சொல்வது ஒரே ஆள், அது நான். முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் என்று மாற்றலாமா, பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு போன் எடுப்பதில்லை என்று வாசலில் ஒட்டலாமா, என்று. மண்டபம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்ததாம். வளவாளர் "அது முகாமைத்துவ விசயம், எங்கள் தலைப்பில் வராது" என்றாராம். பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, பிறகு கனபேர் தட்டினார்களாம். பிள்ளையின் பொறுப்பாளரும் அங்கே இருந்திருக்கிறார், தட்டவில்லை, ஆனால் வெளியே வரும்போது "எழுத்தில் தாரும், பார்ப்பம்" என்று சொன்னாராம்.

எழுத்தில் கொடுங்கோ. இன்றைக்கே கொடுங்கோ. திகதி போட்டு, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொண்டு. மனஅழுத்தம் என்ற சொல்லை அதில் எழுதவேண்டாம். "தொலைபேசிக் கடமை முறைமாற்றம்" என்று தலைப்புப் போடுங்கோ, அப்போதுதான் ஃபைல் நகரும்.

28.08.2025, காலை 6.05

மறந்துவிட்டேன். முறை போடும்போது திங்கட்கிழமையை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், திங்களில்தான் போன் கூட அடிக்கும். முதல் கிழமைத் திங்கள் யாருக்கு வந்தது என்று எழுதுங்கோ.